ஓ.டி.பி.யைச் சொல்லாதே என்கிறார்கள். சொல்ல வைப்பது யார்?

கரண்ட் பில்லா? போனிலேயே கட்டு. வருமானச் சான்றிதழா? கம்ப்யூட்டரில் மனு போடு. ரெயில் டிக்கெட்டா? வீட்டில் உட்கார்ந்தே எடு.

இப்படி ஆகி வருடக்கணக்காகி விட்டது. ஆபீஸ் வாசலில் கியூவில் நின்று கால் கடுத்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. மறுப்பதற்கு இல்லை.

ஆனால் ஒரு கேள்வி.

கவுண்டர் போனுக்குள் வந்துவிட்டது, சரி. அந்தப் போனுக்குள் கண் தெரியாதவர் எப்படி நுழைவார்? காது கேளாதவர்? கை நடுங்கும் பெரியவர்?

"அவங்களுக்கு யாராவது செஞ்சு குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு நாம் போய்விடுகிறோம். அந்த "யாராவது" என்ற ஒரே வார்த்தையில்தான் அத்தனை வில்லங்கமும் இருக்கிறது.

பேசும் போன்

கண் தெரியாதவரும் செல்போன் பார்க்கிறார். காதால் பார்க்கிறார். இது பலருக்குத் தெரியாது.

திரையில் உள்ளதை உரக்கப் படித்துச் சொல்லும் வசதி இப்போது ஸ்மார்ட் போனோடு சேர்ந்தே வருகிறது. ஆண்ட்ராய்டு போனில் அதற்குப் பெயர் டாக்பேக். ஐபோனில் வாய்ஸ் ஓவர். கம்ப்யூட்டருக்கு என்.வி.டி.ஏ. என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற 2 பேர் 2006-ல் தொடங்கிய வேலை அது. காசு கிடையாது, இலவசம். தமிழும் படிக்கும்.

விரலை வைத்தால் அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லும். இரண்டு தட்டு தட்டினால் பட்டன் அழுந்தும். இதை வைத்துக்கொண்டு பேங்கில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கோர்ட்டில் வாதாடுகிற வக்கீல்கள் இருக்கிறார்கள். பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

ஆக, பார்வையற்றவர் பக்கம் பாக்கி எதுவும் இல்லை. போன் வாங்கினார். பழகியும் கொண்டார். பாக்கி எல்லாம் வெப்சைட் நடத்துகிறவர்கள் பக்கம்தான்.

நெளிந்த எழுத்து

பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் ஒருவர் கஷ்டப்பட்டுப் பூர்த்தி செய்கிறார். கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வருகிறது. "படத்தில் உள்ள எழுத்தை டைப் செய்யவும்."

கேப்ச்சா என்று இதற்குப் பெயர். வளைந்து நெளிந்து, மேலே கோடு கிழித்த ஐந்தாறு எழுத்து. கம்ப்யூட்டர் மோசடிக்காரர்கள் உள்ளே வராமல் இருக்க, எந்திரம் படிக்க முடியாதபடி வேண்டுமென்றே கிறுக்கிய படம்.

பார்வையற்றவருக்குப் படித்துச் சொல்வதும் எந்திரம்தானே? அது எப்படிப் படிக்கும்? "படம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றுவிடும்.

எதிரே இருப்பது மனிதனா, எந்திரமா என்று கண்டுபிடிக்க வைத்த பரீட்சை அது. அதில் ஒரு மனிதர் தோற்றுப் போகிறார்!

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. எழுத்தைக் காதில் சொல்லும் ஒலி வசதி வைக்கலாம். "ஏழும் ஐந்தும் எவ்வளவு?" என்று எழுத்திலேயே ஒரு கேள்வி கேட்கலாம். போனுக்கு ஓ.டி.பி. அனுப்பித்தானே சரி பார்க்கிறீர்கள், பிறகு எதற்குக் கேப்ச்சா? அதை எடுத்தே விடலாம்.

பீரோ சாவி

மாற்று வைக்காத இடத்தில் என்ன நடக்கிறது? அவர் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார். ஆதார் எண்ணைச் சொல்கிறார். பேங்க் கணக்கு நம்பரைச் சொல்கிறார். பாஸ்வேர்டைச் சொல்கிறார். "அண்ணே, ஓ.டி.பி. வந்திருக்கும், போனைக் குடுங்க" என்றால் போனையும் கொடுக்கிறார். வேறு என்ன செய்வார்?

"ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று ரிசர்வ் பேங்க் சொல்கிறது. போலீசார் சொல்கிறார்கள். அதே சர்க்காரின் வெப்சைட்டு, கண் தெரியாதவரை மட்டும் முன்பின் தெரியாதவரிடம் போய்ச் சொல்ல வைக்கிறது. இது என்ன நியாயம்?

சென்டர்காரர் நல்லவராக இருக்கலாம். பெரும்பாலும் நல்லவர்கள்தான். ஆனால் உங்கள் வீட்டுப் பீரோ சாவியை, நல்ல ஆள் என்ற நம்பிக்கை ஒன்றை வைத்து, மாதா மாதம் வெளியாளிடம் கொடுப்பீர்களா?

நாளைக்குப் பணம் போய்விட்டால், "நம்பரை நீங்களாத்தானே சொன்னீங்க?" என்று கேட்பார்கள். சொல்ல வைத்த அந்த நெளிந்த எழுத்தை யாரும் கூண்டில் ஏற்ற மாட்டார்கள்.

தடுப்பூசி காலத்துப் பாடம்

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை இல்லை. சுப்ரீம் கோர்ட்டே புட்டுப் புட்டு வைத்த குறை.

2021-ல் கொரோனா தடுப்பூசிக்குக் கோவின் வெப்சைட்டில் பதிவு செய்யச் சொன்னார்கள். அந்த ஆண்டு மே 31 தேதியிட்ட உத்தரவில், பார்வையற்றவர்கள் அதில் படும் பாட்டை சுப்ரீம் கோர்ட்டு பட்டியல் போட்டது. ஒலி வடிவில் கேப்ச்சா இல்லை. எத்தனை ஊசி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடிகிறது, என்ன ஊசி என்று தெரிந்துகொள்ள முடியவில்லை. மவுஸ் இல்லாமல் கீ-போர்டு மட்டும் வைத்து வேலை செய்ய முடியவில்லை. மெதுவாகப் பூர்த்தி செய்கிறவரை அவகாசம் தராமல் வெளியே தள்ளிவிடும் நிலை இருக்கக் கூடாது என்றும் சொன்னது.

உயிர் காக்கும் ஊசிக்கே இந்தக் கதி என்றால், சாதாரண மனுவுக்குக் கேட்க வேண்டுமா?

வாய் திறக்காத அரசாணை

நம் ஊர் சங்கதிக்கு வருவோம். அரசாணை வெளியாகிறது. கையெழுத்துப் போட்ட காகிதத்தை அப்படியே ஸ்கேன் எடுத்து வெப்சைட்டில் ஏற்றி விடுகிறார்கள். நமக்கு அது எழுத்து. போனுக்கு அது வெறும் போட்டோ. ஒரு வார்த்தை படிக்காது. மாற்றுத் திறனாளிகளுக்குச் சலுகை தரும் ஆணையாக இருந்தாலும் அதே கதைதான்.

இன்னொரு தொல்லை, பழைய தமிழ் எழுத்துரு. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ இங்கிலீஷ் எழுத்துக் குவியல். பேசும் மென்பொருள் அதைப் படித்தால் புரியாத உளறல்தான் காதில் விழும். தமிழுக்கு யுனிகோடுதான் என்று தமிழக அரசு 2010 ஜூன் மாதமே ஆணை போட்டுவிட்டது. பழைய எழுத்துருவில் அடித்த பைல்கள் இன்னமும் வெப்சைட்டுகளில் கிடக்கின்றன.

பல அரசு வெப்சைட்டுகளின் மேலே சின்னதாக, பெரிதாக என்று எழுத்தை மாற்றும் பட்டன் இருக்கும். பக்கத்தில் பார்வையற்றோர் வசதி என்று ஓர் இணைப்பும் இருக்கும். அழுத்தினால் என்ன வருகிறது? திரையைப் படிக்கும் மென்பொருள்களின் பெயர்ப் பட்டியல் வருகிறது! அது இல்லாமல் அவர் அந்தப் பக்கத்துக்கே வந்திருக்க முடியாதே? சாப்பிட வந்தவனிடம் ஓட்டல் விலாசத்தைக் கொடுத்தது போல இருக்கிறது.

காது கேளாதவர் நிலைமை வேறு மாதிரி. திட்டத்தை விளக்கும் வீடியோவில் கீழே எழுத்து ஓடாது. சந்தேகம் என்றால் "இந்த நம்பருக்குப் போன் செய்யவும்" என்று போட்டிருக்கும். காது கேளாதவர் போன் செய்து என்ன பேசுவார்?

சட்டம் என்ன சொல்லுது?

ஊனமுற்றோர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 2007-ல் சேர்ந்தது. அரசு வெப்சைட்டுகளுக்கான வழிகாட்டி நெறிமுறைகளை மத்திய அரசு 2009-ல் வெளியிட்டது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. தகவல் தொழில்நுட்ப வசதி எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்று அதில் 42-வது பிரிவே இருக்கிறது. சேவை தருகிறவர்களுக்கு 46-வது பிரிவு கெடுவும் வைத்தது. விதிகள் வந்ததிலிருந்து 2 வருடம். விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2019 ஜூனோடு முடிந்து போனது.

மீறினால் முதல் தடவை 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50 ஆயிரம் முதல் 5 லட்சம் வரை. 89-வது பிரிவில் தெளிவாக எழுதியிருக்கிறது.

2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு தீர்ப்பு சொன்னது. ராஜீவ் ரட்டூரி என்ற பார்வையற்றவர் 2005-ல் தொடுத்த வழக்கு அது. சட்டம் கட்டாயம் என்கிறது, விதியோ ஆலோசனை சொல்வதோடு நின்றுவிடுகிறது, இது செல்லாது என்று கோர்ட்டு கூறியது. 3 மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கும்படி உத்தரவிட்டது.

2025 ஏப்ரல் 30-ந் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் பெஞ்ச் ஒரு படி மேலே போனது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களும், பார்வையற்ற வக்கீல் ஒருவரும் கொண்டு வந்த வழக்குகள். பேங்க் கணக்குத் தொடங்க, "கண்ணைச் சிமிட்டிக் காட்டு" என்கிறது கேமரா. சிமிட்ட இமை இல்லாதவர் என்ன செய்வார்? டிஜிட்டல் வசதியைப் பெறுவது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. 20 உத்தரவுகள் போட்டது. புதிய வசதியைச் சோதித்துப் பார்க்கும்போதே பார்வையற்றவர்களைக் கூப்பிட வேண்டும் என்பது அதில் ஒன்று.

சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. செய்வதற்குத்தான் ஆள் இல்லை.

கொஞ்சம் பேருக்காகவா?

"நாலு பேருக்காக இவ்வளவு செலவா?" என்று சிலர் கேட்கலாம்.

நாலு பேர் இல்லை சார். 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இந்தக் கணக்கில் வராதவர்களும் உண்டு. கண்ணில் புரை விழுந்த பெரியம்மா, கை முறிந்து கட்டுப் போட்டிருக்கும் டெய்லர், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த மளிகைக் கடைக்காரர். நாளைக்கு நீங்களும் நானும் அந்த வரிசையில் நிற்கப் போகிறவர்கள்தான். வயசு யாரை விட்டது?

சக்கர நாற்காலிக்காகக் கட்டிய சாய்தளத்தில் சரக்குத் தள்ளுவண்டியும் ஏறுகிறது, குழந்தை வண்டியும் ஏறுகிறது. வெப்சைட்டும் அப்படித்தான். பட்டனுக்குப் பெயர் வைத்தால், எழுத்தை எடுப்பாகப் போட்டால், அவகாசம் கொடுத்தால், எல்லாருக்கும் லாபம்.

செலவும் பெரிது இல்லை. சாய்தளத்துக்காவது சிமெண்டு வேண்டும், ஜல்லி வேண்டும். இதற்கு வேண்டியது அக்கறை. கட்டும்போதே செய்தால் சுலபம். கட்டி முடித்து இடித்துச் செய்தால்தான் செலவு.

"ஈ-சேவை மையம் இருக்கே" என்பார்கள். இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. போனில் செய்யத் தெரியாதவருக்கு அது தேவை. ஆனால் தானே செய்துகொள்ளத் தெரிந்த ஒருவரை, பஸ் காசு செலவழித்து அங்கே போய் நிற்க வைப்பது ஏன்?

செய்ய வேண்டியது

ஐந்தே ஐந்து காரியம்.

ஒன்று, படத்தை மட்டும் காட்டும் கேப்ச்சாவை எல்லா அரசு வெப்சைட்டிலிருந்தும் எடுக்க வேண்டும்.

இரண்டு, அரசாணையை ஸ்கேன் போட்டோவோடு, யுனிகோடு எழுத்திலும் போட வேண்டும்.

மூன்று, வீடியோவுக்குக் கீழே எழுத்து ஓட வேண்டும். போன் நம்பரோடு, எழுதிக் கேட்கும் வழியும் இருக்க வேண்டும்.

நான்கு, வெப்சைட் செய்து தரும் காண்டிராக்டருக்குக் கடைசி பில் பாஸ் ஆகும் முன், ஒரு பார்வையற்றவர் மனுவைத் தொடக்கம் முதல் ரசீது வரை தானே போட்டுப் பார்க்க வேண்டும். அவர் "முடிந்தது" என்று சொன்னால் பணம். இல்லையென்றால் இல்லை. இந்த ஒரு நிபந்தனையை டெண்டரில் சேர்த்தால் போதும், பாதி வியாதி தானாகத் தீரும்.

ஐந்து, எல்லாம் சரியாகும் வரை கவுண்டரை மூடக் கூடாது.

மாற்றுத் திறனாளிக்கான தனி அடையாள அட்டை இருக்கிறதே, அதற்கும் மனு போடுவது வெப்சைட்டில்தான். அந்த மனுவையாவது அவர் தன் கையால், யாரிடமும் ரகசியத்தை ஒப்படைக்காமல் போட வேண்டாமா?

அவர் கேட்பது சலுகை இல்லை. தன் ஓ.டி.பி. தன்னோடு இருக்க வேண்டும் என்கிறார். நமக்கு இருக்கிற அதே உரிமை.

துறைச் செயலாளர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், போனில் டாக்பேக்கைப் போட்டுவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு, தங்கள் துறை வெப்சைட்டில் ஒரு மனு போட்டுப் பார்க்கட்டும்.

பார்ப்பார்களா?