மறதியே ஆயுதம்

“அவள் ஏன் வாங்கிக் குடித்தாள்?” இலண்டன் வாடகைக்கார் ஓட்டுநர் ஜான் வொர்பாய்ஸின் குற்றங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், பக்தியுள்ள நல்ல மனிதர்களே என்னிடம் எழுப்பும் முதல் வினா இது. இரண்டாவது வினா இன்னும் கொடியது: “நினைவே இல்லை என்பவளின் சொல்லை எப்படி நம்புவது?”

இலண்டனின் கறுப்பு வாடகைக்கார் உரிமம் பெற்றது, பாதுகாப்பானது என்பது அந்நகரத்தாரின் நம்பிக்கை. இரவில் தனியே வீடு திரும்பும் பெண், பாதுகாப்பைத் தேடித்தான் அதில் ஏறினாள். சூதாட்டத்தில் பெரும் பணம் வென்றதாகச் சொல்லி, நோட்டுக் கட்டைக் காட்டி, தன் மகிழ்ச்சியில் பங்குகொள்ளுமாறு ஒரு கோப்பை ஷாம்பெயினை நீட்டுவான் அவன். அதில் தூக்க மருந்து கலந்திருக்கும்.

இத்தகைய மருந்துகள் மதுவோடு சேரும்போது, நடப்பவை மூளையில் பதிவதையே தடுத்துவிடுகின்றன. அவள் மறந்துவிடவில்லை, பதியவே இல்லை. இதே தீமைக்குப் பயன்படும் ஜி.எச்.பி. என்னும் மருந்தோ ஏறத்தாழ 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்தும் மறைந்துவிடும். குழப்பத்தாலும் வெட்கத்தாலும் அவள் ஒரு நாள் தயங்கினால் போதும், சான்று கரைந்துவிடும். ஆகவே நினைவின்மை அவளுடைய கூற்றின் பலவீனமன்று. குற்றவாளி திட்டமிட்டு உண்டாக்கிய காயம். அதைப் பொய்க்கு அடையாளமாகக் கொள்பவர், அவனுடைய வேலையைத் தாமே முடித்துக்கொடுக்கிறார்.

இலண்டன் காவல்துறை அப்படித்தான் முடித்துக்கொடுத்தது. 2003இல் மயங்கிய நிலையில் ஒரு பெண் காவல் நிலையத்திற்குக் கொண்டுவரப்பட்டாள். கொண்டுவந்தவர்களுள் ஒருவன் அதே ஓட்டுநர்! அவனுடைய பெயரையோ வண்டி எண்ணையோ காவலர் குறித்துக்கொள்ளவில்லை. 2007இல் ஒரு மாணவியின் புகாரில் அவனைக் கைது செய்தனர். வீட்டைச் சோதிக்காமலே விடுவித்தனர். 2008இல் மீண்டும் பிடிபடும்வரை மேலும் பல பெண்கள் அவன் வண்டியில் ஏறினர். 2009இல் 12 பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டான்.

சாவான பாவத்திற்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களுக்குக் கற்பிக்கிறோம். அறிவையும் சம்மதத்தையும் ஒருசேரத் திருடப்பட்டவளிடம் மட்டும் எந்தக் கணக்கில் குற்றம் காண்கிறோம்? ஒரு கோப்பைக்கு இசைந்தவள் அந்த ஒரு கோப்பைக்கே இசைந்தாள்.

நோவாவை நினைத்துப் பாருங்கள். திராட்சை இரசம் குடித்து, ஆடை விலகிக் கிடந்தவர் அவர். தொடக்கநூல் அங்கே அவரைக் கண்டித்து ஒரு சொல்லும் கூறவில்லை; பார்த்துவிட்டு வெளியே சென்று சொன்ன காமின் செயலையே இழிவாகக் காட்டுகிறது. (சாபம் அவன் மகன் கானான் மேல் விழுந்ததேன் என்பது வேறு சிக்கல், அதை விவிலிய அறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன்.) சேமும் எப்பேத்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்னோக்கி நடந்துசென்று, தந்தையை மூடினார்கள். “ஏன் குடித்தீர்?” என்று அவர்கள் கேட்டதாக எழுதப்படவில்லை.

2003இலும் 2007இலும் புறக்கணிக்கப்பட்ட அவ்விரு பெண்களும் காவல்துறைமீதே வழக்குத் தொடுத்து வென்றனர். காவல்துறையின் மேல்முறையீட்டை 2018இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2019இல், மேலும் நான்கு பெண்களுக்கு இழைத்த குற்றங்களை வொர்பாய்ஸ் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். அவற்றுள் ஒன்று 2000ஆம் ஆண்டில் நடந்தது.