மேக்கரும் அவரே, செக்கரும் அவரே!

வங்கியில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு. வவுச்சர் போட்டவனே அதைப் பாஸ் பண்ணக் கூடாது. ஒருவர் பதியணும், இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். மேக்கர், செக்கர். ஐநூறு ரூபாய் செலவுச் சீட்டுக்கும் இதுதான் விதி, ஐந்து கோடி கடனுக்கும் இதுதான் விதி.

ஆனால் ஐந்து லட்ச ரூபாய் கொடுத்து ஒரு விவசாயி வாங்குகிற மினி டிராக்டரின் வாரண்டிக்கு மட்டும் இந்த விதி கிடையாதாம். கோளாறு தயாரிப்பில் என்றால் காசு போவது கம்பெனிக்கு. கோளாறு தயாரிப்பில்தானா என்று தீர்ப்பு சொல்வதும் கம்பெனியின் ஆள். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்துவிட்டு, அதற்கு அட்டை அடித்து, சீல் வைத்து, "வாரண்டி" என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

"செம்பூர்ல ஃபிளாட்ல உட்கார்ந்திருக்கிற பி.காம். ஆசாமிக்கு டிராக்டரைப் பத்தி என்னய்யா தெரியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எஞ்சின் எனக்குத் தெரியாது. ஆனால் கணக்கில் யார் யாரை ஏமாற்ற முடியும், எந்த இடத்தில் ஓட்டை என்பது தெரியும். இது எஞ்சின் விஷயம் இல்லை, கணக்கு விஷயம்.

நடந்ததைச் சொல்கிறேன். தாமிரபரணிப் பாசனத்தில் வாழை போட்டிருக்கும் என் அத்தான் (அக்கா வீட்டுக்காரர்) ஒரு மினி டிராக்டர் வாங்கினார். வாழை வரிசைக்கு நடுவில் பெரிய டிராக்டர் நுழையாது, அதனால் இது. வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை. ஹவர் மீட்டரில் இருநூறு மணி நேரம்கூட ஓடவில்லை. முதல் சர்வீஸ் நேரத்தோடு செய்து முத்திரையும் வாங்கியாச்சு. அப்போது ஒரு வியாதி பிடித்தது. ரொட்டவேட்டரைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டினால் இழுவை குறையும், இருமும், நின்றுவிடும். கால் மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மறுபடி அரை மணி நேரம், மறுபடி நிற்கும்.

ஷோரூமுக்குப் போன் செய்து ஒன்பதாம் நாள் ஆள் வந்தார். டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். தீர்ப்பு சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அத்தான் போன் செய்தார்: "மாப்ள, டீசல்ல கலப்படமாம். பம்பும் நாசிலும் போயிருக்கும், மாத்தணும், முப்பதாயிரம் கிட்ட ஆகும்னு சொல்லுதானுவ. டீசல் கோளாறு வாரண்டில வராதாம்."

அதே பங்க்கில் டீசல் போடும் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் டிராக்டர் நன்றாக ஓடுகிறது. அதைச் சொன்னதற்குப் பதில் இல்லை. எழுதித் தரச் சொன்னதற்கும் பதில் இல்லை.

தாராவியில் 90 அடி ரோடு பக்கம் ஜெனரேட்டர் ரிப்பேர் பார்க்கிற நாங்குநேரிக்காரர் ஒருவரை எனக்குப் பல வருடப் பழக்கம். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "ஆறவிட்டா மறுபடி ஓடுதுன்னா பம்பு சாகல சார். பம்புக்குச் சோறு போகல" என்றார். பிறகு வரிசையாகச் சொன்னார். நின்று போகிற நேரத்தில் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உயிர் வந்தால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. உள்ளே காற்று போகாமல் டீசல் கீழே இறங்கவில்லை. அப்படியும் உயிர் வராவிட்டால், எஞ்சினை அணைத்துவிட்டு ஃபில்டருக்கு முன்னால் ஹோஸைக் கழற்றி டீசலை ஒரு பாட்டிலில் விழ விடுங்கள். முதலில் தடிமனாக விழுந்து போகப் போக நூலாக இளைத்தால், டேங்க்கின் அடிவாயில் ஏதோ வந்து உட்காருகிறது. நன்றாக விழுந்தால் ஃபில்டரைப் பாருங்கள், ஹோஸ் ஜாயிண்டில் காற்று இழுக்கிறதா பாருங்கள். அந்த பாட்டில் டீசலை ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பம்ப்பையும் நாசிலையும் கடைசியாகத் தொடணும், முதலில் இல்லை.

கவனியுங்கள். செலவில்லாத சோதனை முதலில், செலவானது கடைசியில். ஷோரூம் ஆள் சொன்னது நேர் தலைகீழ் :-)

மூடியைத் தளர்த்தியும் வித்தியாசம் இல்லை. பாட்டிலில் டீசல் நூலாக இளைத்தது. டேங்க்கைக் காலி செய்தபோது சுத்தமான கேனில் செதில் செதிலாக வந்து விழுந்தது என்ன தெரியுமா? டேங்க் உள்பூச்சு! உரிந்த செதில்கள் ஓடும்போது அடிவாயில் போய் ஒட்டி அடைக்கின்றன. நிறுத்தினால் மெல்ல விலகுகின்றன. அதனால்தான் அரை மணி நேரக் கூத்து. பாட்டில் டீசலில் மறுநாள் ஒரு சொட்டுத் தண்ணீர் பிரியவில்லை.

சரி, தயாரிப்புக் குறை தெளிவாகிவிட்டது, முடிந்தது கதை என்கிறீர்களா? அதுதான் இல்லை. "வெளி ஆள் சொல்லி நீங்களே ஹோஸைக் கழற்றியாச்சு, இனிமேல் வாரண்டியே செல்லாது" என்றார்கள்! ஹவர் மீட்டர், செதில், பாட்டில் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து ரிஜிஸ்டர் தபால் அனுப்பிய பிறகுதான் புது டேங்க் வந்தது. கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். "போய்விட்டது" என்ற அந்த பம்ப்பும் நாசிலும் இன்றுவரை அப்படியே ஓடுகின்றன. மொத்தம் இருபத்து மூன்று நாள். வாழைக்கு மண் அணைக்கிற பருவத்தில், மம்பட்டி பிடிக்கக் கூலி ஆள் தேடி அலைந்தது தனிக் கணக்கு. கடன் தவணைத் தேதி மட்டும் ஒரு நாள் தள்ளிப் போகவில்லை.

அந்த சர்வீஸ் ஆள் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அமைப்பு அப்படி. வாரண்டி வேலை செய்தால், பொதுவாக டீலர் கம்பெனிக்குக் கிளெய்ம் எழுதி, அது பாஸாகி, கம்பெனி வைத்த ரேட்டில் பணம் வரக் காத்திருக்கணும். விவசாயியிடம் பில் போட்டால் பணம் கையில். எந்தப் பக்கம் தராசு சாயும் என்று சொல்ல பி.காம்.கூட வேண்டாம்.

கம்பெனிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆயில் மாற்றாதவர்கள் இருக்கிறார்கள், சின்ன வண்டியில் பெரிய ரொட்டவேட்டரை மாட்டி இழுப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் கம்பெனி தலையில் கட்ட முடியாதுதான். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள். என்ன சோதனை செய்தோம், என்ன கண்டோம், அதனால் இது வாரண்டியில் வராது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உண்மையாகவே டீசல் கோளாறு என்றால் அதை எழுத ஏன் கை நடுங்கணும்?

வெளி ஆள் தொட்டால் வாரண்டி போய்விடும் என்கிற பூச்சாண்டிக்கும் பதில் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகத்தையும் ரிப்பேர் விவரத்தையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்ததற்காக. வெளியில் ரிப்பேர் பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவில் இருக்கிறது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை. ஆனால் காருக்குச் சொன்ன நியாயம் டிராக்டருக்கு ஏன் கூடாது?

அமெரிக்காவில் இந்தச் சண்டை பெரிதாகவே நடக்கிறது. விவசாயி தன் இயந்திரத்தைத் தானே ரிப்பேர் செய்யும் உரிமைக்குக் கொலராடோ மாநிலம் 2023-ல் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் ஜான் டீர் கம்பெனி மீது அந்நாட்டு வர்த்தக ஆணையமே வழக்குப் போட்டது. அங்கே பூட்டு மென்பொருளில். நம்மூர் மினி டிராக்டரில் அந்த மென்பொருள் பூட்டு இல்லை. நம் பூட்டு வாரண்டி அட்டையில்.

இங்கே என்ன நடந்தது? 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை "ரிப்பேர் உரிமை"க்காகக் குழு அமைத்தது. எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அந்த டிசம்பரிலேயே போர்ட்டலும் வந்தது. பிறகு ரிப்பேர் குறியீடு வகுக்க 2024-ல் போட்ட குழுவின் கவனம் மொபைல், மின்னணு சாதனங்கள் பக்கம் போய்விட்டது. செல்போன் நின்றால் நமக்கு எரிச்சல். டிராக்டர் நின்றால் ஒருவருக்கு ஒரு போகம். எது அவசரம்? 2025 செப்டம்பரில் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி.யை 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். ரொம்ப நல்லது. விலை குறைந்தது, விற்றவரின் பொறுப்பு கூடவில்லையே!

நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. விவசாயியும் நுகர்வோர்தான் என்று விதை வழக்கொன்றில் 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கிய பொருளை வியாபாரக் கணக்கில் தள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் வருடச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போடணும். எல்லாம் சரி. ஆனால் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால், அதற்கான காசை முதலில் புகார் கொடுத்தவரையே கட்டச் சொல்லலாம். தீர்ப்பு வரும்வரை வாழை காத்திருக்குமா?

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. வாரண்டியை மறுத்தால் சோதனை விவரத்தோடு எழுத்தில் மறுக்கணும். வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளையும் வாரண்டிக் காலத்தில் கூட்டிக் கொடுக்கணும். தகராறு என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை அதிகாரி வந்து பார்த்துச் சொல்லணும். அந்தத் துறையின் பொறியாளர்கள் தமிழ்நாட்டில் மாவட்டம்தோறும் இருக்கிறார்கள். அவர்தான் செக்கர்! அடுத்தது வங்கிகள். கொட்டேஷன், சிட்டா, அடங்கல், இன்சூரன்ஸ், ஆர்.சி.யில் ஹைப்பாத்திகேஷன் என்று அத்தனையும் கேட்கிறோமே, "இந்த வண்டிக்குச் சர்வீஸ் எங்கே, எத்தனை நாளில் வருவான்" என்ற ஒரு கேள்வியையும் படிவத்தில் சேர்த்தால் என்ன? ஓடாத டிராக்டர் எங்கிருந்து தவணை கட்டும்?

இதெல்லாம் வரும்வரை ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் உங்கள் அண்ணன் தம்பிகளுக்கு, மாமன் மச்சான்களுக்குப் போன் போட்டு இவ்வளவு மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஜாப் கார்டு நகலைக் கேட்டு வாங்குங்கள். கோளாறு வந்த தேதி, ஹவர் மீட்டர் எண், என்ன வேலை செய்யும்போது வந்தது, மூன்றையும் நோட்டில் குறியுங்கள். எதையும் கழற்றும் முன் படம் எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. "இது வாரண்டியில் வராது" என்று யாராவது வாயால் சொன்னால் சண்டை போட வேண்டாம். பேனாவை நீட்டுங்கள், போதும்.