காற்றுக்குப் பட்டா உண்டா?

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மலையில் வேலை முடிந்து, கூலி தேடிக் கீழே இறங்கவிருந்த ஓர் இளைஞர் தம் கைப்பேசியை நம் முன் நீட்டினார். அதில் ஒரு படம் ஓடிற்று. இடுப்பளவு கடல் தண்ணீர். பலகை மேல் நின்ற ஒருவரை, வானத்தில் பறந்த பெரிய காற்றாடி ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது. அவர் சறுக்குகிறார், எகிறுகிறார், மறுபடி தண்ணீரில் இறங்குகிறார்.

"ராமேசுவரம் பக்கமாம், தோழர். மலையில கெடக்கிற நமக்கும் இதுக்கும் என்ன?" என்று கேட்டார்.

கேட்டது நியாயமான கேள்வி. முதலில் விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். பட்டம் நம் பிள்ளைகள் விடுவதுதான். ஆனால் இந்தப் பட்டத்தின் முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் உண்டு. அதனால் தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காது, திரும்ப எழுப்பலாம். பிரான்சு நாட்டில் லெகெயிஞு என்ற இரு சகோதரர்கள் 1984-இல் இதற்கு உரிமைப் பதிவு செய்தார்கள். நாற்பதே ஆண்டில், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய்ல் துறைமுக நகரின் கடலில் இது பதக்கப் போட்டியாகிவிட்டது. பழகுகிறவருக்கு ஆழமும் அலையும் இல்லாத தண்ணீரும், விடாமல் வீசும் காற்றும் வேண்டும். விழுந்தால் காலூன்றி எழுந்து நிற்கலாம் அல்லவா?

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஆண்டில் ஒரு பாதி கச்சான், ஒரு பாதி வாடை. பணம் கொட்டினாலும் கிடைக்காத சொத்து அது. கருவிகள் வாங்க ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். மில் தொழிலாளியின் மகனோ களையெடுப்பவரின் மகளோ அதைத் தொட்டுப் பார்ப்பது எந்தக் காலம்? ஆயினும் விளையாட்டின் மேல் நமக்கு விரோதமில்லை. காற்றின் வலுவைக் கையால் உணர்ந்து அதை ஓட்டுவது மனிதனின் திறமை. பாய்மரம் கட்டிய மீனவன் அதைத்தானே காலமெல்லாம் செய்தான்!

ஆனால் அந்த ஆழமில்லாத தண்ணீர் வெறும் இடமா? இல்லை. அது ஒரு பட்டறை. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்களைப் பாருங்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிக்கிறார்கள். பாறை விரலைக் கிழிக்கும், உப்புத் தண்ணீர் எரிக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-இல் சர்க்கார் தேசியப் பூங்கா ஆக்கியது. பவளப்பாறையைக் காக்க வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காக்கிறோம் என்ற பெயரில் தீவுகளை அண்டக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் இந்தப் பெண்கள். இரும்புக் கருவி வேண்டாம், கையால் மட்டுமே பறிப்போம், மாதத்தில் சில நாள்களுக்கு மேல் கடலில் இறங்க மாட்டோம் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்களும் இவர்களே. இவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவில் சீகாலஜி பரிசு கொடுத்தார்கள். அயல்நாடு பரிசு தந்த கைக்கு உள்நாட்டில் உரிமைச் சீட்டு இல்லை.

காற்றாடி விடுகிறவர்கள்தான் இவர்களை விரட்டினார்கள் என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். ஒரே கடலில் உழைக்க வருகிறவளைப் பார்த்து 'யார் நீ?' என்றும், விளையாட வருகிறவரைப் பார்த்து 'வாருங்கள்' என்றும் சொல்லும் நடைமுறையைத்தான் சொல்கிறோம்.

கடலுக்கு அப்பால், இலங்கையில் கற்பிட்டியில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. புத்தளம் களப்புக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நிலம் அது. இன்று உலகெங்கிருந்தும் காற்றாடிக்காரர்கள் அங்கே வருகிறார்கள். 1990-இல் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம் மக்கள் பலர் படகில் வந்து ஒதுங்கியதும் அந்தப் பக்கத்துக் கரைதான். அங்கே 14 தீவுகளைச் சேர்த்து உல்லாசப் பயணத் திட்டம் ஒன்றை இலங்கை சர்க்கார் தீட்டியது. கரைவலைப் பாடுகளும் மீன் காய வைக்கும் மணலும் பறிபோகும் என்று மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். ஒரு பாட்டுக்குள் வலை வளைக்க வேண்டுமானால் கரை திறந்திருக்க வேண்டும். இருபது மீட்டருக்கு மேல் நீளமான காற்றாடிக் கயிறும் கரைவலைக் கயிறும் ஒரே மணலில் புழங்க முடியுமா?

"வேலை வருமே?" என்பார்கள். வரத்தான் செய்யும். கற்பிட்டி இளைஞர்கள் சிலர் கற்றுக்கொண்டு வெளிநாட்டாருக்கே வாத்தியாராகியிருக்கிறார்கள். அது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் பருவம் முடிந்து காற்று அடங்கினால் கூலியும் அடங்கும். கரை கையில் இருந்தால் வலையாவது மிஞ்சும்.

இளைஞரின் கேள்விக்கு வருவோம். இந்த மலையிலும் கோடை விழா நடக்கிறது, ஏரியில் படகு விடுகிறார்கள். அதே மலையிலிருந்து கூலிக்குப் போனவர்களும் 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில் ஆந்திர போலீசார் சுட்டுக் கொன்ற 20 பேரில் இருந்தார்கள். பார்க்க வருகிறவர் கூட்டம் பெருகினால் இருக்கிறவர் வயிறு நிறையும் என்பது அவ்வளவு நிச்சயமில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. காட்டுக்காரருக்கு 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதை அமலாக்கப் படும் பாடு பெரிது. ஆயினும் இந்தத் தேன், இந்தப் புளி, இந்தக் காடு எங்களுடையது என்று கிராமசபையில் எழுந்து சொல்ல ஒரு சட்டம் இருக்கிறது. கடற்கரை மக்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. கரைவலைப் பாடு, பாசித் திட்டு, மீன் காயும் மணல் இவற்றை ஊர் வாரியாகப் பதிவு செய்யும் சட்டம் வர வேண்டும். அதன் பிறகு காற்றாடிக்கு எந்தத் துண்டு என்று அந்த ஊரே தீர்மானிக்கட்டும். கருவிகளைச் சர்க்கார் வாங்கிக் கொடுத்து அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத் தரட்டும்.

இளைஞர் சற்று யோசித்துவிட்டு, "பட்டாவுக்கு நாம மனு எழுதின மாதிரி அவங்களும் எழுதணும்னு சொல்றீங்க" என்றார். ஆமாம் என்றோம். தம் மனுவின் நகலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மடித்து மடித்து நான்காகக் கிழிந்திருந்தது.