வாகீசர் பெற்ற விடுதலை

செஞ்சிப் பகுதியிலுள்ள தளவானூர்க் குன்றில் சத்துருமல்லேச்சுரம் என்னும் சிவாலயம் பாறையிற் குடையப்பட்டு விளங்குகின்றது. அதனை அமைத்தவன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன். திருநாவுக்கரசரை ஒறுத்துப் பின்னர்ச் சைவனாகிய பல்லவன் இவனே என்பது ஆராய்ச்சியாளர் பலரது துணிபு.

அவ்வரலாறு பற்றி இக்காலத்தார் சிலர், "அடக்கியாண்ட சமயத்தினின்று நீங்கியவர்க்கு மீட்டும் ஒரு தலைவன் எதற்கு? பாடலிபுத்திரத்துப் பள்ளியில் தருமசேனராயிருந்தவர் திருவதிகையில் தொண்டரானது, ஒரு விலங்கைக் கழற்றி மற்றொன்று பூண்டதன்றோ?" என வினவுவர்.

அற்றன்று. விலங்கு பூண்டார்க்கு அச்சம் மிகும்; வாகீசர்க்கோ அச்சம் அற்றது. பல்லவன் அழைத்தபொழுது அவன் ஆணைக்கு உட்படேன் என மறுத்தார். நீற்றறை, நஞ்சு, யானை, கல்லொடு கடல் எனச் சேக்கிழார் உரைக்கும் ஒறுப்புக்கள் யாவும் அவரை மீட்டுப் பள்ளியிற் சேர்த்தில. அங்குத் தலைமை பெற்றிருந்தவர் பின்னர்க் கையில் ஏந்தியது உழவாரம் ஒன்றே. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. ஆகலின், சார்பின்றி நிற்பேன் என்பது அதன் இயல்பு அறியார் கூற்று. பசு மற்றொரு பசுவுக்கு அடிமையாதல் கட்டு. பதிக்கு ஆட்படுதல் வீடு.

இனி, நம்மவர்க்கும் ஒரு சொல். மன்னன் சமணப் பள்ளியை இடித்துக் குணபரவீச்சரம் எடுத்தமையையே சைவத்தின் வெற்றியெனக் கொண்டாடுவார் உளர். அது மன்னன் செயல், வாகீசர் செயலன்று. ஐயுற்று விலகுவாரை அச்சுறுத்தியும் ஊர்விலக்கியும் நிறுத்த முயல்வோமாயின், அவரை ஒறுத்தாரோடு நாமும் ஒப்போம். தளவானூர்ப் பாறையில் உளியாற் கோயில் எழுந்தது. உயிரினுள் எழும் கோயிலுக்கு அன்பன்றி உளி இல்லை.