நடுக்களத்தில் ஒரு கடலூர்ப் பெண்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் மலையைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கலெக்டர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்கால் பக்கம் மாலை வேளையில் சற்று நடந்தால் வேறொரு காட்சி கண்ணில் படும். காலி இடம் கிடைத்தால் போதும், பையன்கள் பந்து உதைக்கிறார்கள். அவர்களுடைய அக்காளும் தங்கையும் ஓரத்தில் நிற்கிறார்கள். அண்ணன் கழற்றிப் போட்ட செருப்புக்குக் காவல்! பந்து ஓரத்துக்கு உருண்டு வந்தால் எடுத்துக் கொடுக்கலாம், உதைக்கக் கூடாது.

அந்தச் சிறுமிகளுக்கு ஒரு பெயரைச் சொல்ல விரும்புகிறோம்: இந்துமதி கதிரேசன்.

1994-ல் பிறந்த இந்துமதி கடலூரைச் சேர்ந்தவர். இந்தியப் பெண்கள் கால்பந்து அணியில் நடுக்கள ஆட்டக்காரராக விளையாடியவர். கோல் போடுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். கோலைத் தடுக்கிறவருக்கும் கிடைக்கும். நடுக்களத்தில் நிற்பவருக்கோ ஓட்டம்தான் மிச்சம். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிக்க வேண்டும். முன்னே நிற்பவருக்கு அளந்து கொடுக்க வேண்டும். உடனே பின்னே ஓடி வந்து காவலுக்கும் நிற்க வேண்டும். சர்வதேசப் பந்தயத்தில் இவர்கள் 90 நிமிஷத்தில் சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். நம் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கணக்கை வாசகர்களே போட்டுப் பார்க்கலாம்.

2017 ஜனவரியில் சிலிகுரியில் நடந்த தெற்காசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா 3-1 என்று வங்காள தேசத்தை வென்றது. அதில் ஒரு கோல் இந்துமதியுடையது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள், பல முறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி, முதன்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனார்கள். அந்த அணியிலும் அவர் இருந்தார்.

மைதானத்துக்கு வெளியே அவர் தமிழகப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது மற்ற ஆட்டக்காரர்கள் வீட்டுக்குள் பயிற்சி செய்தார்கள். இவர் சென்னைத் தெருவில் காக்கி உடுப்பில் நின்றார். 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பைப் போட்டி இந்தியாவிலேயே நடந்தது. அணிக்குள் அதே நோய் புகுந்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு வேண்டிய 13 பேர் தேறாமல் நம் அணி விலக நேர்ந்தது. சொந்த மண்ணில் ஆடும் வாய்ப்பு ஓர் ஆட்டத்தோடு முடிந்தது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, ஆஸ்திரேலியாவில் நடக்கும் 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் தகுதி பெற்றார்கள்.

"பெண் பிள்ளைக்குக் காலில் அடிபட்டால் நாளைக்கு யார் பதில் சொல்வது?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். பந்து உதைக்கும் பெண்கள் எல்லோரும் இந்திய அணிக்குப் போய்விட மாட்டார்கள். எல்லோருக்கும் சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகமும் கிடைத்துவிடாது. ஆனால் பையன்கள் விளையாடும்போது இந்தக் கணக்கை நாம் பார்க்கிறோமா? அவர்களும்தான் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருகிறார்கள். மஞ்சள் வைத்துக் கட்டி மறுநாளும் அனுப்பிவிடுகிறோம்.

பெரிய ஸ்டேடியம் கட்டித் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் மாலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கென்று ஒதுக்க வேண்டும். கூட நின்று கற்றுத்தர ஓர் ஆசிரியை வேண்டும். இருட்டும் முன் வீடு சேர வழி வேண்டும். இவை மூன்றும் தலைமையாசிரியரும் பெற்றோரும் கூடிப் பேசினால் நடக்கக்கூடிய காரியங்களே.

பையன்கள் தங்கள் செருப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும். ஓரத்தில் நிற்கும் அந்தத் தங்கையை உள்ளே கூப்பிடுங்கள்.