அரிசி வந்தது, பூ போயிற்று



‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்று நம் வீட்டுக் கிழவிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த இலுப்பையைத்தான் மத்திய இந்தியாவின் கோண்டு மக்களும் பீல் மக்களும் மகுவா என்கின்றனர். நமக்கு அது பழமொழி. அவர்களுக்கோ அது சோறு.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் விடியும் முன்னே பெண்களும் பிள்ளைகளும் கூடையுடன் மரத்தடிக்குப் போகின்றனர். இரவெல்லாம் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பொறுக்கி, வெயிலில் உலர்த்தி, பானையில் சேர்த்து வைக்கின்றனர். ஒரு பங்கு உணவுக்கு. ஒரு பங்கு விற்பனைக்கு. ஒரு பங்கை நீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, விறகடுப்பில் ஏற்றி, ஆவியைக் குளிரச் செய்து சாராயமாக வடிக்கின்றனர். பிறப்புக்கும் மணத்துக்கும் சாவுக்கும் அது வேண்டும். முன்னோருக்குப் படைக்கவும் அதுவே வேண்டும்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் நாடு முடக்கப்பட்டது. பூ உதிரும் பருவமும் அதுவே! வாரச் சந்தைகள் மூடப்பட்டன. பூ கையில் இருந்தது, வாங்க ஆளில்லை. அந்நாளில் இரக்கமுள்ளோர் பலர் அரிசியும் பருப்பும் சுமந்து சிற்றூர்களுக்குச் சென்றனர். மத்திய அரசும் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசம் என்றது. குடும்ப அட்டை இல்லாதவன் அங்கேயும் வரிசைக்கு வெளியேதான் நின்றான் என்பது வேறு கதை.

இதைக் குறை கூறுகிறேனா? இல்லை. பசித்தவன் முன் நின்று பொருளாதாரம் பேசுபவன் மனிதனல்லன். மூட்டையை முதலில் இறக்குங்கள். ஆனால் இறக்கிய பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: கையில் ஒரு பண்டமும், அதைச் செய்யும் திறமும் உள்ள மக்கள் ஏன் கையேந்தினர்?

விடை பழையது. 1878-ஆம் ஆண்டு பம்பாய் மாகாணத்தில் ஆப்காரிச் சட்டம் வந்தது. சிற்றூர் அடுப்பு குற்றமாயிற்று. உரிமம் பெற்ற பெரிய வடிசாலையின் சரக்கே சட்டமாயிற்று. 1892-இல் இன்னொரு சட்டம், சில மாவட்டங்களில் பூவைச் சேர்ப்பதையும் வைத்திருப்பதையுமே கட்டிப்போட்டது. தன் மரத்தடியில் விழுந்த பூவைத் தொட்டவன் கள்வன்! தானே காய்ச்சியதை விட்டுவிட்டு, வரி சேர்த்த விலைக்குக் கடையில் வாங்க வேண்டியவனானான், கடைக்காரனிடம் கடன்பட்டான், பலர் நிலத்தையும் இழந்தனர். வெள்ளையனுக்குக் கவலை குடியைப் பற்றியதன்று, கருவூலத்தைப் பற்றியது.

“சாராயத்துக்கா வக்காலத்து?” என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். குடியால் அடிபடும் பெண்ணின் துயரை நான் மறக்கவில்லை. அந்த மக்களும் மறந்தவர்கள் அல்லர். 1922–23-இல் தென் குசராத்துப் பழங்குடியினர் தேவி இயக்கத்தில் திரண்டு, குடியை விட்டனர். சாராயக் கடைக்காரர்களைப் புறக்கணித்தனர். எவரும் பிரம்பெடுத்துத் திருத்தவில்லை. 1996-ஆம் ஆண்டுச் சட்டம், பழங்குடிப் பகுதிகளில் மதுவைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ உள்ள அதிகாரமும், சிறு வனப்பொருள்களின் உடைமையும் கிராம சபைக்கு உண்டு என்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் வனப்பொருள் மீதான உரிமையை ஏற்கிறது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது!

நடைமுறை என்ன? கையில் காசில்லாத குடும்பம் கோடையில் வந்த விலைக்குப் பூவைத் தள்ளிவிடுகிறது. மழைக்காலத்தில் அதே பூவை அதே வணிகரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறது. பூவை வைத்துக் காக்கக் கிடங்கு இல்லை. கிடங்கு வரும்வரை தாங்கக் கடன் இல்லை. மத்தியப் பிரதேச அரசு 2021-இல் மகுவாச் சாராயத்தைப் ‘பாரம்பரிய மது’ என விற்கப்போவதாக அறிவித்தது. வெள்ளையன் குற்றமாக்கியது திடீரெனப் பாரம்பரியமாகிவிட்டது, வேடிக்கைதான்! அலிராஜ்பூரிலும் திண்டோரியிலும் பழங்குடிப் பெண்களின் குழுக்கள் அந்த வேலையில் இறங்கியுள்ளன. நல்லது. ஆனால் புட்டியின் விலையில் பூப் பொறுக்கியவளுக்கு எவ்வளவு என்பதை அங்கே இடைவிடாமல் கேட்க ஆள் வேண்டும்.

நிவாரணப் பணிக்குப் போகும் தோழர்கள் பெயர்ப் பட்டியலும் அட்டை எண்ணும் குறித்து வருகிறீர்கள். அடுத்த முறை அந்த ஏட்டில் இன்னும் இரண்டு பத்தி கோடு போடுங்கள். இந்த வீட்டார் பூவை எந்த மாதம், யாரிடம், என்ன விலைக்கு விற்றார்கள்? திரும்ப என்ன விலைக்கு வாங்கினார்கள்?