புரை ஏறினால் யார் நினைக்கிறார்கள்?

சாப்பிடும்போது புரை ஏறினால் நம் வீட்டுப் பெரியவர்கள் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்பார்கள். நாலு வருஷமாக எனக்கு நாளைக்குப் பத்துத் தடவை புரை ஏறுகிறது. அப்படி யார்தான் என்னை நினைக்கிறார்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அடிநாக்கில் புற்றுநோய் வந்தது, 35 நாள் கரண்ட் வைத்தார்கள். கட்டி கரைந்தது. அதற்காக அந்த டாக்டர்களுக்கு நான் கடன்பட்டவன். உயிரோடு இருப்பதால்தானே இந்தச் சண்டையைப் போட முடிகிறது? என் புகார் அதற்குப் பிறகு நடக்காமல் போனதைப் பற்றியது.

டிஸ்சார்ஜ் காகிதத்தைக் குமாஸ்தாக் கண்ணோடு படித்தேன். எத்தனை நாள் கரண்ட், என்னென்ன ஊசி, அடுத்து எந்தத் தேதியில் வரவேண்டும், எல்லாம் இருந்தது. இனி எப்படி விழுங்குவது என்று மட்டும் ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, "போகப் போகச் சரியாயிடும் பெரியவரே, கஞ்சியா குடிங்க" என்றார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு வருஷம் வைத்திருந்து கிழித்துப் போடும் கோப்புக்கு 'எல்.டிஸ்.' போட்டுக் கட்டிவைப்போம். என் தொண்டைக்கும் எல்.டிஸ். போட்டுவிட்டார்கள்.

போகப் போகச் சரியாகும் என்பது பாதி உண்மை. வாய்ப்புண் ஆறிவிடும். ஆனால் கரண்ட் பட்ட எச்சில் சுரப்பிகள் வாடிவிடும். எச்சில் இல்லாத வாயில் இட்லி கூட மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தொண்டைத் தசைகள் மெல்ல இறுகும். சிலருக்கு இது பல வருஷம் கழித்துக்கூட முற்றும். விழுங்கும்போது மூச்சுக்குழாயைச் சாத்த வேண்டிய மூடி சரியாகச் சாத்தாது. சோறும் தண்ணீரும் நுரையீரல் பக்கம் இறங்கிவிடும். புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சில் இதற்கு 'ஃபோஸ் ரூத்' என்று பெயர். தப்பு வழி என்று அர்த்தம். இதிலும் மோசம் ஒன்று உண்டு. உணர்ச்சி மங்கிய தொண்டையில் உணவு தப்பு வழியில் போனாலும் இருமல் வராமலே இருக்கலாம். புரை ஏறுகிறவனாவது பாக்கியசாலி. இருமல் வராதவனுக்குக் காய்ச்சல் வந்து நிமோனியா என்று சொன்ன பிறகுதான் தெரியும்.

எனக்கு இரண்டும் உண்டு. இரண்டாம் வருஷம் நிமோனியாவில் 11 நாள் படுத்தேன். அங்கேதான் ஒரு பேச்சுப் பயிற்சியாளர், என் பேத்தி வயசுப் பெண், பேரியம் கலந்த கூழை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே வீடியோவில் காட்டினாள். தண்ணியான எதைக் குடித்தாலும் எனக்குப் பாதி தப்பு வழியில் போகிறது. கெட்டியாக இருந்தால் சரியாக இறங்குகிறது. அதாவது நீர்க்கஞ்சிதான் எனக்கு எமன்! அதைத்தான் இரண்டு வருஷம் மருந்து மாதிரி குடித்துக்கொண்டிருந்தேன். தாடையைத் தாழ்த்தி விழுங்கவும், ஒரு வாய்க்கு இரண்டு தடவை விழுங்கவும், நாக்குக்கும் தொண்டைக்கும் தினம் பயிற்சி செய்யவும் சொல்லிக்கொடுத்தாள். "கரண்ட் வைக்கிறதுக்கு முன்னாடியே இதை ஆரம்பிச்சிருக்கணும் தாத்தா" என்றாள். எனக்கு வந்த கோபம் அவள் மேல் இல்லை.

"உயிர் பொழச்சதே பெரிசு மாமா, சோறு என்ன சோறு" என்று உறவுக்காரர்கள் சமாதானம் சொல்கிறார்கள். சோறு என்ன சோறா? இது கூரத்தாழ்வான் பிறந்த ஊர். ராத்திரி அன்னதானம் முடிந்து அவர் வீட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் காஞ்சி வரதர் கோயில் வரை கேட்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஊர்க்காரன் மூன்று வருஷமாக ஒரு கல்யாணப் பந்தியில் உட்காரவில்லை. நாலு பேர் எதிரில் இருமி, மூக்கு வழியாக ரசம் வந்தவனுக்குத்தான் அந்தக் கூச்சம் தெரியும்.

நம் காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவுக்கு வந்தது உணவுக்குழாயில் புற்றுநோய். 1968-ல் நியூயார்க் போய் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பியும், 3.2.1969 அன்று போய்விட்டார். காரைப்பேட்டையில் அவர் பெயரிலேயே புற்றுநோய் ஆஸ்பத்திரி நிற்கிறது. விழுங்க முடியாதவனின் கஷ்டம் எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல வேறு எந்த ஜில்லாவுக்கு உரிமை இருந்தாலும், நமக்கு இல்லை.

பணம் இல்லை, ஆள் இல்லை என்பார்கள். கரண்ட் மெஷினுக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறோம். இந்தப் பயிற்சிக்கு வேண்டியது படித்த ஒரு ஆளும், ஒரு ஸ்பூனும், ஒரு டம்ளரும்தான். மைசூரில் மத்திய அரசின் பேச்சு, கேட்டல் நிறுவனம் 1960-களிலிருந்து இருக்கிறது. இந்தப் படிப்புப் படித்த பிள்ளைகள் நம் நாட்டில் உண்டு. பதவியை உண்டாக்கி ஆர்டர் போடுவதுதான் பாக்கி. அந்த ஆர்டர் எத்தனை மேஜை தாண்டி வரவேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இன்றைக்கே கேட்கச் சொல்கிறேன்.

நான் கேட்பது மூன்றே மூன்று. தலையிலோ கழுத்திலோ கரண்ட் வைக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும், வைப்பதற்கு முன்பே விழுங்கும் பரிசோதனையும் பயிற்சியும் வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகும் வருஷா வருஷம் தொண்டையைப் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் காகிதத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி தமிழில் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் என் வயசுக்காரர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்தால், "விழுங்குறதுக்கு யார் சொல்லிக்கொடுப்பாங்க?" என்று முதல் நாளே கேளுங்கள். தெரியாது என்றால் தெரிந்தவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். என்னைப் போன்றவனுக்குப் புரை ஏறினால் தலையில் தட்டித் தண்ணீரை நீட்டாதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, இருமி முடிக்க விடுங்கள். யாரோ நினைக்கிறார்கள் என்றும் சொல்லாதீர்கள். நினைக்க வேண்டியவர்கள் இன்னும் நினைக்கவில்லை.